தடம் வைக்காத தண்ணீர்

கழுவி நிறுத்திய வண்டியைப் பார்க்கிறவர்கள் முதலில் பளபளப்பைத்தான் பார்க்கிறார்கள். என் கண் வேறிடங்களுக்குப் போகும். பக்கக் கண்ணாடியின் அடி, கதவுக் கைப்பிடியின் குழிவு, பின்புறம் ஒட்டியிருக்கும் பெயரெழுத்துகளின் இடுக்கு, பெட்ரோல் மூடியின் கீழ் விளிம்பு. அங்கெல்லாம் தண்ணீர் வந்து போனதற்கான அடையாளமே இல்லையென்றால், கழுவியவர் கைகாரர். ஷாம்பு போட்டு அழுக்கை எடுப்பது பாதி வேலை. வந்த தண்ணீரை ஒரு சொட்டும் தங்கவிடாமல் வழியனுப்பி வைப்பது மறுபாதி. முதல் பாதிக்குக் கை பலம் இருந்தால் போதும். மறுபாதிக்குத் தண்ணீரின் குணம் தெரிந்திருக்க வேண்டும். அந்த மறுபாதியின் மேல் எனக்கு நெடுநாள் மயக்கம் உண்டு.

கறுப்பு பானெட்டின் மேல் ஒரு சொட்டு போர் தண்ணீரை விட்டு, நிழலில் பக்கத்திலேயே நின்று, அது காயும்வரை பார்க்க வேண்டும். முதலில் ஒன்றுமே நடக்காததாகத் தோன்றும். சொட்டின் விளிம்பு விழுந்த இடத்திலேயே ஊன்றி நிற்கும், அகலம் குறையாது. உயரம் மட்டும் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் தாழ்ந்துகொண்டே வரும். உருண்டிருந்த சொட்டு தட்டையாகி, தட்டையானது ஈரப் படலமாகி, அந்தப் படலமும் நடுவிலிருந்து விலகும்போது ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு எழும். காம்பஸ் வைத்துப் போட்டாலும் அவ்வளவு மெல்லிய வட்டம் வராது. அழிக்க வேண்டிய கறைதான். அழிப்பதற்கு முன் ஒருமுறை குனிந்து ரசித்துவிட வேண்டிய கறையும்கூட.

அந்த வட்டம் ஏன் ஓரத்தில் மட்டும் விழுகிறது என்பதற்கு அழகான காரணம் இருக்கிறது. சொட்டின் விளிம்பில் தண்ணீர் மெல்லியது. ஆவியாவதும் அங்கேதான் வேகம். விளிம்போ பெயின்ட்டைப் பிடித்துக்கொண்டு நகர மறுக்கிறது. எனவே ஓரத்தில் இழந்ததை ஈடுகட்ட நடுவிலிருந்து தண்ணீர் வெளிப்பக்கமாக ஓடுகிறது. ஓடும்போது தன்னிடம் உள்ள உப்பையும் தூசியையும் சுமந்துகொண்டு போய் எல்லையில் இறக்கிவைக்கிறது. சிந்திய காபி ஓரம் மட்டும் கறுத்த வளையமாகக் காய்வதும் இதனால்தான். சிகாகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டீகனும் உடனிருந்த ஆய்வாளர்களும் 1997-இல் 'நேச்சர்' இதழில் இதை விளக்கி எழுதினார்கள். அசையாமல் கிடப்பதாக நாம் நினைக்கும் ஒரு சொட்டுக்குள் கடைசிவரை ஓர் ஓட்டம் இருக்கிறது. அதைப் படித்த பிறகு, நனைந்த பானெட்டில் சிதறிக் கிடக்கும் நூற்றுக்கணக்கான சொட்டுகளை என்னால் வெறும் ஈரமாகப் பார்க்க முடிவதில்லை. ஒவ்வொன்றும் தன் எல்லைக்கு உப்பைச் சுமந்துகொண்டிருக்கும் சிறு ஆறு.

உப்பு என்று நாம் பொதுவாகச் சொல்வது பல சரக்கு சேர்ந்தது. நிலத்தடித் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் பைகார்பனேட்டாகக் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். தண்ணீர் காயும்போது கார்பன் டை ஆக்சைடு பிரிந்து போக, கரையாத கால்சியம் கார்பனேட் படிந்து நிற்கும். கீசருக்குள் ஓடு கட்டுவதும், ஷவரின் துளைகள் அடைபடுவதும், எவர்சில்வர் குடத்தில் வெள்ளைக் கோடு விழுவதும் இதனால்தான். நம் வீட்டுப் பெண்கள் இதை எந்தக் கருவியும் இல்லாமல் கண்டுபிடித்துவிடுவார்கள். பருப்பு வேகவில்லை, சோப்பு நுரைக்கவில்லை என்றால் தண்ணீர் கடினம். அந்தத் தண்ணீர் வண்டியிலும் கறை வைக்கும்.

தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்க, இன்று பேனா அளவே உள்ள டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. குடிநீரில் கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது, வேறு வழியில்லையென்றால் 2000 வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். சென்னையில் பல அடுக்குமாடி வீடுகளின் போர் தண்ணீரில் மீட்டரை நனைத்தால் எண் நாலு இலக்கத்தைத் தொடும். 1000 என்றே வைத்துக்கொள்வோம். அலசி முடித்த வண்டியின் மேல் அரை லிட்டர் தண்ணீர் தங்கியிருந்தால், அது அப்படியே காயும்போது அரை கிராம் உப்பு பெயின்ட்டின் மேல் வட்டம் வட்டமாகப் பிரித்துப் பரப்பப்படுகிறது. விரல் நுனியில் எடுத்தால் ஒரு சிட்டிகைதான் தேறும். அதே சிட்டிகை கறுப்பு வண்டியின் மேல் தெரியும் முழு வானத்தையும் மங்கலாக்கிவிடும்.

ஆகவே இந்தக் கலையின் முதல் நயம், எந்தத் தண்ணீரை எப்போது தொடுவது என்பதில் இருக்கிறது. சேறும் மண்ணும் போக எந்தத் தண்ணீரும் ஆகும். கடைசியாக வண்டியின் உடலைத் தொடும் தண்ணீர் மட்டும் நல்லதாக இருந்தால் போதும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழையில் பிறந்த சிறுவாணி வரும் கோயம்புத்தூர் வீடுகளுக்கு இந்தக் கவலை குறைவு. ஆனால் அவ்வளவு அருமையான குடிதண்ணீரைச் சக்கரத்தில் ஊற்ற எனக்கு மனம் வராது. மொட்டைமாடியிலிருந்து தொட்டிக்குப் பிடித்த மழைத் தண்ணீர், முதல் மழையின் தூசியை ஒதுக்கிவிட்டால், ஏறக்குறைய உப்பே இல்லாத தண்ணீர். 2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது கட்டிய தொட்டி எங்காவது உயிரோடு இருந்தால், அந்த வீட்டுக்காரர் பாக்கியசாலி.

தொட்டி இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. அது அவரவர் வீட்டுச் சுவரிலேயே ஒழுகிக்கொண்டிருக்கிறது. ஏசியிலிருந்து வெளியேறும் தண்ணீர், அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்த சுருளில் பட்டு வியர்த்து வடிவது. காய்ச்சி வடித்த தண்ணீருக்கு அது நெருங்கிய உறவு. சென்னையின் புழுக்கத்தில் நாள் முழுக்க ஓடும் ஏசி வாளிக்கணக்கில் தரும். மெல்லிய துணியில் வடிகட்டிச் சேர்த்து வைத்தால், கடைசி அலசலுக்கு இதைவிட மேலான தண்ணீர் கடையிலும் கிடைக்காது.

இதற்கு நேர் எதிரான ஒரு பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. ஆர்ஓ எந்திரம் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரைப் பிடித்து வைத்து வண்டி கழுவுகிறார்கள். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் எந்திரம் குடிதண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அந்தக் கழிவில்தான். வீட்டுக்கு வந்த தண்ணீரைவிட அது உப்பு அதிகமானது. தரை துடைக்கட்டும், கழிப்பறைக்குப் போகட்டும், வண்டிச் சக்கரத்தின் சேற்றைக்கூடக் கரைக்கட்டும். பானெட்டின் மேல் அதைக் காயவிடக் கூடாது.

நேரம் அடுத்தது. வெயில் ஏறிய இரும்பின் மேல் தண்ணீர் பட்டால் நாம் துணியை எடுக்கும் முன்பே அது தன் வட்டங்களைப் போட்டு முடித்துவிடும். விடியற்காலை, அல்லது வெயில் சாய்ந்து இரும்பு ஆறிய பிறகு. பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தால் குளிர்ச்சி தெரிய வேண்டும். அணைத்த இன்ஜினின் சூடும் தணிந்திருக்க வேண்டும். மார்கழிப் பனியில் நனைந்து நிற்கும் வண்டியை, நனைந்துதானே இருக்கிறது என்று அப்படியே துணியால் துடைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு உடம்பு கூசும். பனித்துளி சுத்தம், அதற்கு அடியில் இரவெல்லாம் படிந்த புழுதி சுத்தமில்லை. பனிக்கும் துணிக்கும் நடுவில் மணல்துகள் சிக்கி, பெயின்ட்டின் மேல் நுண்கீறலாக ஓடும்.

அந்தப் பெயின்ட் எவ்வளவு மெல்லியது என்பதும் ரசிக்கத்தக்கது. இரும்புத் தகட்டின் மேல் துருத் தடுப்பு, அடிப்பூச்சு, நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட். நாம் பார்த்து மயங்கும் ஆழமும் பளபளப்பும் அந்த மேல் அடுக்கினுடையது. அது ஏறக்குறைய 40, 50 மைக்ரான். ஒரு தலைமயிரின் தடிமன்கூட இல்லை.

கழுவும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது பலருக்கும் தெரிந்தது. சக்கரம் முதலில், ஏனென்றால் கரி மிகுந்த அந்த அழுக்கு பிறகு வண்டியின் மேல் தெறிக்கக் கூடாது. பிறகு தண்ணீர் பீய்ச்சிப் புழுதியை இளக்குவது. இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் வெறும் தண்ணீர். கையுறையை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டே ஷாம்புவில் தோய்ப்பது. கூரையில் தொடங்கிக் கீழே வருவது. வட்டமாகத் தேய்க்காமல் நேர்கோட்டில் இழுப்பது. பாத்திரம் தேய்க்கும் சோப்பு கூடாது. அது மெழுகையும் சேர்த்து எடுத்துவிடும். நம் ஊர் வெப்பத்தில் ஒரு பக்கம் தேய்க்கும்போது மறுபக்கம் காயத் தொடங்கும். இடையிடையே நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நுரை காய்ந்தால் அதுவும் ஒரு கறை.

இப்போது நான் காத்திருந்த இடம் வருகிறது. நுரையெல்லாம் போக அலசிய பிறகு, வண்டி முழுக்கச் சின்னச் சின்னச் சொட்டுகளாக நிற்கும். பிரஷர் கன்னால் எவ்வளவு வேகமாக அடித்தாலும் அவை போகாது. அடிக்க அடிக்க ஒன்று பத்தாகச் சிதறும். கைதேர்ந்தவர் இங்கே கன்னைக் கீழே வைத்துவிடுகிறார். வெறும் குழாயை எடுக்கிறார், முனையில் எதுவும் இல்லாமல். தண்ணீரின் வேகத்தைக் குறைத்து, குழாய் வாயைக் கூரையின் உச்சியில் கிட்டத்தட்டத் தொடும்படி வைத்து, சத்தமில்லாமல் வழியவிடுகிறார். அப்போது நடப்பதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். வழியும் தண்ணீர் ஒரே படலமாக விரிகிறது. வழியில் நின்ற சொட்டுகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. தண்ணீருக்குத் தண்ணீரின் மேல் உள்ள பிடிப்பு, பெயின்ட்டின் மேல் உள்ள பிடிப்பைவிட வலுவானது. படலம் கீழே இறங்கும்போது, மேசைமேல் விரித்த பட்டுத்துணியை ஒரு முனையைப் பிடித்து இழுத்த மாதிரி, பின்னால் உலர்ந்த பரப்பை விட்டுவிட்டுப் போகிறது. முக்கால்வாசிச் சொட்டுகளைத் துணியே படாமல் தண்ணீரே எடுத்துப் போய்விடும். ஏசித் தண்ணீரைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் பூவாளியின் தலைச் சல்லடையைக் கழற்றிவிட்டு இதையே செய்யலாம். மூன்று நான்கு பூவாளி போதும்.

தண்ணீரைத் தண்ணீராலேயே நீக்குவது என்ற இந்தச் சின்ன யுக்தி, இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. வேகத்தைக் கூட்டினால் சொட்டுகள் பெருகும். குறைத்தால் போய்விடும்.

அப்படி வழியும் தண்ணீரைத் தொடர்ந்து கண்ணை ஓட்டினால், வண்டியை வடிவமைத்தவரின் கை தெரியும். தட்டை என்று நாம் நினைத்த கூரை நடுவில் மெல்ல உயர்ந்திருப்பது தண்ணீர் இரண்டாகப் பிரியும்போது புரியும். பானெட்டில் ஓடும் மடிப்புக் கோடு அலங்காரத்துக்கு என்று நினைத்திருப்போம். தண்ணீர் அந்தக் கோட்டோரமாகத் திரும்பி விளக்கை நோக்கிப் போகும். கதவின் நடுவில் தோள்போல் புடைத்த விளிம்பில் ஒரு கணம் தயங்கிக் கீழே குதிக்கும். 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசடரில் கூரையின் இரு பக்கமும் மழைத் தண்ணீரை ஏந்தும் சிறு வாய்க்கால் ஓடும். கதவைத் திறக்கும்போது தலையில் சொட்டாமல் தண்ணீரை முன்னும் பின்னுமாகக் கொண்டுபோய் இறக்கும் அந்த வளைந்த தகடு எவ்வளவு கரிசனமான வேலைப்பாடு! அந்த வண்டிகளைப் பழைய ஓட்டுநர்கள் மஞ்சள் துணியால் துடைக்கும்போது, கடைசியாக அந்த வாய்க்காலில் ஒரு விரலை ஓட்டிவிட்டுத்தான் துணியை மடிப்பார்கள். தண்ணீர் எங்கே ஒளியும் என்று தெரிந்த விரல் அது.

இந்த இடத்தில் ஒரு வழக்கு உண்டு. தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு நிற்பது அழகா, படலமாக வழிந்து போவது அழகா? மெழுகுப் பிரியர்களும் செராமிக் கோட்டிங் போட்டவர்களும் முத்தைத்தான் படம் எடுப்பார்கள். பிரேசிலின் வடகிழக்கில் வளரும் கார்னவுபா பனையின் ஓலையிலிருந்து எடுக்கும் மெழுகு, 80 டிகிரி தாண்டித்தான் உருகும். அதைப் பூசிய வண்டியில் மழைத்துளி உருண்டு திரளும் அழகை நானும் நின்று பார்த்திருக்கிறேன். சாலையில் ஓடும்போது காற்று அந்த முத்துகளை ஓட ஓட விரட்டும் காட்சி இன்னும் அழகு. ஆனால் நிறுத்திவைத்த வண்டியில் முத்து ஆபத்து. திரண்டு நிற்கும் சொட்டு தொடும் இடம் சிறியது. சுமக்கும் தண்ணீர் அதிகம். அவ்வளவு உப்பும் அந்தச் சிறு வட்டத்தில் இறங்கும்போது கறை அடர்த்தியாக விழுகிறது. கோட்டிங் போட்டால் தண்ணீர்க் கறையே வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கறையை எடுப்பது எளிதாகலாம், விழாமல் இருக்காது.

தாமரை இலையைக் காட்டித்தான் இந்தச் சரக்குகளை விற்கிறார்கள். தாமரையின் ரகசியம் வேறு. வில்ஹெல்ம் பார்த்லாட், கிறிஸ்டோஃப் நைன்ஹுயிஸ் என்ற இரு ஜெர்மன் தாவரவியலாளர்கள் அதை விரிவாக எழுதியதும் 1997-இல்தான். சொட்டின் வளையத்தை விளக்கிய அதே ஆண்டு. இலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத மேடுகள், மேடுகளின் மேல் மெழுகு இழைகள். சொட்டு அந்த முனைகளின் மேல் நிற்கிறது, அடியில் காற்று. அதனால்தான் அது கிட்டத்தட்ட முழு உருண்டையாகி, இலை லேசாகச் சாய்ந்தாலே தூசியையும் வாரிக்கொண்டு ஓடிவிடுகிறது. வண்டியின் பெயின்ட் வழவழப்பானது. வழவழப்பான பரப்பில் என்ன பூசினாலும் சொட்டு தொடும் கோணம் சுமார் 120 பாகையைத் தாண்டாது. தாமரையில் 150-க்கும் மேல். வழவழப்பை விட்டுக்கொடுத்தால் பளபளப்பு போய்விடும். ஆகவே வண்டியில் சொட்டு தாமரைக்குப் பாதி வழி வரைதான் போகும். மீதி வழிக்கு மனிதக் கை வேண்டும். நான் படலத்தின் கட்சி.

அந்தக் கை பிடிக்கும் துணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் எண்ணெய் துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட் போல உதவுவது வேறில்லை. உலர்த்தும் வேலைக்கு அது ஆகாது. தையல் விளிம்பு பெயின்ட்டில் உரசும், ஈரம் பிடிப்பதும் குறைவு. மைக்ரோஃபைபர் என்னும் நுண்ணிழைத் துணி வந்த பிறகு இந்த வேலையின் முகமே மாறிவிட்டது. இழையைப் பட்டைவிட மெல்லியதாக இழுக்கும் வழியை 1970-இல் கண்டவர் ஜப்பானின் டோரே நிறுவனத்து விஞ்ஞானி மியோஷி ஒகமோட்டோ. அப்போது அது மான்தோல் மென்மையுள்ள செயற்கைத் துணிக்காக. வண்டி துடைக்கும் துணியில் பாலியெஸ்டரும் பாலியமைடும் சேர்ந்த இழை நீளவாக்கில் பிளந்திருக்கும். அந்தப் பிளவுகளுக்கு இடையேதான் தண்ணீர் ஏறுகிறது. முறுக்கிய கண்ணிகளாக நெய்த பெரிய டவல் ஒன்று, நன்றாகத் தேர்ந்தெடுத்தால், முழு வண்டியின் ஈரத்தையும் பிழியாமலே வாங்கிக்கொள்ளும்.

வண்டியை நுணுக்கமாகச் சுத்தம் செய்து தரும் ஒரு டீட்டெய்லிங் கடையில் இளைஞர் ஒருவர் இதைப் பயன்படுத்தியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டவலை உதறி, முழு அகலத்துக்கும் பானெட்டின் மேல் படரவிட்டார். இரண்டு மூலைகளை மட்டும் இரு கையின் விரல்களால் பிடித்து, தன் பக்கமாக இழுத்தார். கை டவலின் மேல் படவே இல்லை.

"அழுத்தித் துடைக்க வேண்டாமா, தம்பி?" என்றேன்.

"வேணாம் சார். அது வெயிட்டே போதும். நாம அழுத்தினா தண்ணிதான் பிதுங்கும், கோடு விழும்" என்றார், இழுப்பதை நிறுத்தாமல்.

டவல் நகர்ந்த தடத்தில், மூச்சுக்காற்று பட்ட கண்ணாடியைப் போல மங்கலாக ஒரு படலம் தெரிந்தது. இரண்டு மூன்று நொடி. ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒரே சீராகப் பின்வாங்கி மறைந்தது. இந்த வேலையின் உச்சம் என்று நான் கருதும் கணம் அது. அந்தப் படலத்திலும் உப்பு உண்டு. ஆனால் அது திரளவில்லை. உப்பைச் சுமந்துபோய் இறக்க ஊன்றி நிற்கும் ஓரம் இல்லை, ஓட நேரமும் இல்லை. பரவலாக, கண்ணுக்குச் சிக்காத அளவில் காய்ந்துவிடுகிறது. சொட்டாக விட்டால் வட்டம். படலமாக விட்டால் ஒன்றுமில்லை. அவர் இன்னொரு நுணுக்கமும் செய்தார். இழுப்பதற்கு முன் ஒவ்வொரு பகுதியிலும் உலர்த்தத் துணைசெய்யும் திரவத்தை ஒரே ஒரு முறை தெளித்துக்கொண்டார். ஈரத்தோடு கலந்து துணி வழுக்கிப் போக அது உதவுகிறது. மிச்ச உப்பையும் இளக்கித் துணிக்குள் அனுப்பிவிடுகிறது.

பெரிய பரப்புகள் முடிந்தால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களின் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் காட்டிக்கொடுத்துவிடும். பக்கக் கண்ணாடிக்கும் அதன் கூட்டுக்கும் நடுவில் ஒளிந்திருந்த தண்ணீர், காற்று பட்டதும் கீழே இறங்கிக் கதவின் மேல் அழுத தடம் போடும். கைப்பிடியின் உட்குழிவு, நம்பர் பிளேட்டின் பின்புறம், பின்விளக்கின் இணைப்பு, ஜன்னலடி ரப்பர் பீடிங், வைப்பருக்குக் கீழே உள்ள கறுப்புத் தட்டு, அலாய் சக்கரத்தில் நட்டு உட்கார்ந்த குழிகள். இங்கெல்லாம் துணி போகாது, காற்றுதான் போகும். சின்ன புளோயரை எடுத்துக்கொண்டு, மேலிருந்து கீழே, ஒவ்வோர் இடுக்கிலும் ஊத வேண்டும். பெயரெழுத்துகளுக்குள்ளிருந்து தண்ணீர் வரிசையாகத் துள்ளி வெளியே வருவதைப் பார்க்கச் சின்னக் குழந்தையின் சந்தோஷம் வரும். பிறகு கதவுகள், டிக்கி, பானெட் எல்லாவற்றையும் திறந்து இடுக்குகளை இன்னொரு துணியால் ஒற்ற வேண்டும். புளோயர் இல்லாதவர்கள் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, வடிந்ததை ஒற்றலாம். அதில் இன்னொரு லாபம்: பிரேக் டிஸ்கில் ஈரம் பட்டவுடன் பூக்கும் செந்துருவும் நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும்.

தண்ணீர் பஞ்சம் வந்தால் இந்தக் கலை நின்றுவிடும் என்று நினைக்க வேண்டியதில்லை. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, லாரிக்காக ஊரே குடங்களோடு நின்றபோது, குழாயில் வண்டி கழுவுவது கூச்சமான காரியமாகிவிட்டது, ஆக வேண்டியதுதான். அலசத் தேவையில்லாத ரின்ஸ்லெஸ் வாஷ் என்ற கரைசல் அதற்கு விடை. ஒரு பங்குக்கு 256 பங்கு தண்ணீர் என்ற அளவில் கலக்கும் வகையும் உண்டு. அதிலுள்ள பாலிமர் மண்துகளைச் சூழ்ந்து வழுக்கலாக்கித் துணிக்கு ஏற்றுகிறது. ஒரு வாளித் தண்ணீரில் முழு வண்டி. ஒவ்வொரு பகுதியையும் துடைத்த கையோடு உலர்த்திவிடுவதால் சொட்டு நிற்க இடமே இல்லை. சேறு பூசிய வண்டிக்கு இது உதவாது; நகரத்துப் புழுதிக்கு இதுவே மேல்.

அடுக்குமாடிகளில் விடிவதற்கு முன் வாளியும் துணியுமாக வந்து, ஏழு மணிக்குள் வரிசையாக வண்டிகளைத் துடைத்துவிட்டுப் போகிறவர்களை நினைக்காமல் இதை எழுத முடியாது. அவர்களுடைய வேலையில் கோடு தெரிகிறது, வட்டம் தெரிகிறது என்று குறை சொல்கிறவர்கள், அவர்கள் கையில் கொடுத்தது எந்தத் தண்ணீர் என்று பார்ப்பதில்லை. குழாயில் வருவது உப்புத் தண்ணீர், ஒரே வாளி, பத்து வண்டி, ஒரு துணி. அந்த நெருக்கடியிலும் வைப்பரைத் தூக்கி அடியில் துடைத்துவிட்டு மெல்ல இறக்கி வைக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இரண்டாவது வாளியும் நல்ல டவல் ஒன்றும் வாங்கித் தருவது வண்டிக்காரர் செய்யக்கூடிய மிகச் சிறிய மரியாதை. ஏசித் தண்ணீரை ஒரு கேனில் பிடித்துக் கொடுத்தால் இன்னும் நல்லது.

விழுந்துவிட்ட கறைக்கும் கை பதமாகத்தான் இருக்க வேண்டும். புதிய வட்டம் பெயின்ட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறதே தவிர உள்ளே இறங்கவில்லை. வெள்ளை வினிகரில் சம அளவு நல்ல தண்ணீர் கலந்து, நிழலில், குளிர்ந்த பரப்பின் மேல், நனைத்த துணியை ஒரு நிமிடம் போர்த்தி வைத்தால், அமிலம் கார்பனேட்டைக் கரைத்துவிடும். உடனே அலசி, உலர்த்திவிட வேண்டும். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி போடும் வீட்டில் அமிலத்தின் வேலையைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. ஆனால் தண்ணீரில் சிலிக்கா இருந்தால் வினிகர் அதைத் தொடாது. வாரக்கணக்கில் வெயிலில் சுட்டு, கிளியர் கோட்டையே அரித்துக் குழி போட்ட வட்டத்துக்கு பாலிஷ்தான் வழி. பாலிஷ் என்றால் அந்தத் தலைமயிர்த் தடிமனிலிருந்து ஒரு பங்கைச் செதுக்கி எடுப்பது. அடிக்கடி செய்ய அங்கே இருப்பு இல்லை. முன்கண்ணாடியில் இறுகிப்போன கறைக்கு சீரியம் ஆக்சைடு தூள் போட்டுத் தேய்க்கிறார்கள். இரவில் எதிர்வண்டியின் வெளிச்சம் பட்டுக் கண்ணாடி முழுக்கப் பொரிந்து சிதறும்போது அந்தக் கறையின் கெடுதல் புரியும். அது அழகு பற்றிய விஷயம் மட்டுமில்லை.

கறை போய்விட்டதா என்பதைக் கண் மட்டும் தீர்மானிக்கக் கூடாது. மெல்லிய பாலிதீன் கவருக்குள் கையை விட்டு, உலர்ந்த பெயின்ட்டின் மேல் விரல் நுனிகளை லேசாக ஓட்டிப் பாருங்கள். வெறும் விரலுக்கு வழவழப்பாகத் தெரிந்த இடத்தில் மணல் மணலாகத் தட்டுப்படும். டீட்டெய்லிங் களிமண்ணை வழுக்கும் திரவத்தோடு அந்த இடத்தில் மெல்லத் தேய்த்தால், படிந்ததையெல்லாம் அது பிடுங்கிக்கொள்ளும். மறுபடி கவருக்குள் கையை விட்டு ஓட்டும்போது, விரல் நிற்க இடமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும்.

வேலை முடிந்ததும் டவலை மற்றத் துணிகளோடு போட்டுத் துவைத்துவிடாதீர்கள். பருத்தியின் பஞ்சு அந்தக் கண்ணிகளில் சிக்கி, அடுத்த முறை கறுப்புப் பெயின்ட் முழுக்கப் படியும். துணியை மென்மையாக்கும் திரவமும் சேர்க்கக் கூடாது. இழைகளின் மேல் அது பூச்சாகப் படிந்தால் டவல் தண்ணீரை வாங்காமல் தள்ளிக்கொண்டு போகும். கொஞ்சம் சோப்புத் திரவத்தில் தனியாக அலசி, உதறி, நிழலில் காயப்போட்டு, புழுதி படாமல் ஒரு மூடிபோட்ட டப்பாவில் வைத்தால், அந்த டவல் பல வருடம் வரும்.